விலாசத்தோடு வரும் சத்தம்

"தேவ சித்தம் எதுன்னு எப்படி ஆண்ட்டி தெரிஞ்சுக்கிறது?" சபையில் வாலிபப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் இருப்பார்கள். வேலையை மாற்றலாமா, வந்திருக்கிற வரனுக்குச் சரி சொல்லலாமா, புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குத் தெங்காவில் விண்ணப்பம் போடுவதா பொங்கோலில் போடுவதா, மேல்படிப்புக்கு வெளிநாடு போகலாமா. எல்லாமே நியாயமான கேள்விகள். ஆண்டவரிடம் கேட்காமல் பெரிய முடிவு எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி நாம்தான் அவர்களை வளர்த்திருக்கிறோம். அவர்களும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பதில் வராதபோது, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையோ, என்னிடம்தான் ஏதோ பாவம் இருக்கிறதோ என்று உள்ளுக்குள் குமைகிறார்கள். அந்தக் குமைச்சலைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இத்தனை வருஷ விசுவாச வாழ்க்கையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நான் கேட்டதற்கு ஆண்டவர் பேசியது குறைவு. நான் கேட்காத யாரையோ பற்றி அவர் பேசியதுதான் அதிகம். இது என் அனுபவம் மட்டும்தானா என்று வேதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அங்கேயும் அப்படித்தான் இருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் வழிநடத்துகிற இடங்களில் அடிக்கடி ஒரு விலாசம் வந்துவிடும். தமஸ்குவில் அனனியா என்ற சீஷனுக்குத் தரிசனத்தில் என்ன சொல்லப்பட்டது? நேர்த்தெருவுக்குப் போ, யூதாவின் வீட்டில் தர்சு ஊர்க்காரனான சவுலைத் தேடு. தெருவின் பெயர், வீட்டுக்காரர் பெயர், தேட வேண்டிய ஆளின் பெயர், அவன் சொந்த ஊர், இந்த நேரத்தில் அவன் ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதுவரை சொல்லியாகிவிட்டது. ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவிடம் வந்த தூதனும் அப்படித்தான். யோப்பாவுக்கு ஆள் அனுப்பு, பேதுரு அங்கே தோல் பதனிடுகிற சீமோனிடத்தில் தங்கியிருக்கிறான், வீடு கடலோரத்தில் இருக்கிறது என்று அடையாளம் சொல்லி அனுப்புகிறான். பிலிப்பு அப்போது சமாரியாவில் ஊரே திரண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரைக் கிளப்பி, எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வனாந்தர வழிக்கு அனுப்பியது, ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த ஒரே ஓர் எத்தியோப்பியருக்காக.

இவர்களில் யாரும் தங்கள் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததாக எழுதப்படவில்லை. பேதுரு மத்தியான ஜெபத்துக்கு மேல்வீட்டுக்கு ஏறினார், பசியெடுத்தது, கீழே சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. தரிசனம் வந்தது அந்த நேரத்தில்தான். அனனியா முதலில் தயங்கினார். இந்த மனுஷன் எருசலேமில் என்னென்ன செய்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே என்று ஆண்டவரிடமே சொன்னார். பிறகு போனார். போய் அவர் சொன்ன முதல் வார்த்தை "சகோதரனாகிய சவுலே". தன்னைப் போன்றவர்களைக் கட்டி இழுத்துப் போக வந்தவனை அப்படிக் கூப்பிட்டார். அனனியா கேட்டது ஆண்டவருடைய சத்தம்தான் என்பதற்கு எனக்கு அந்த ஒரு விளி போதும்.

சரி, அனனியாவுக்குத் தரிசனம். நமக்கு?

நான் இருப்பது சிங்கப்பூரில், ஈசூனில். ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் ஏழு மணிக்குள் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இருக்க வேண்டும். அதனால் எனக்குக் கிடைக்கும் அமைதியான நேரம் விடிவதற்கு முன்னால்தான். அதுவும் முழு அமைதி என்று சொல்ல முடியாது. இந்த ஊர்க் குயில்கள் இருட்டிலேயே கூவ ஆரம்பித்துவிடும். தூக்கம் கெடுகிறதென்று நகர மன்றத்துக்குப் புகார் எழுதுகிறவர்கள்கூட உண்டு. எனக்கு அது பிடிக்கும். குயில் கூவுகிற வேளையில் சமையலறை மேசையில் வேதாகமத்தை விரித்தால், அன்றைக்கு எந்த அதிகாரமோ அதைச் சத்தமாக ஒருமுறை வாசிப்பேன். இன்னொருமுறை மெதுவாக. கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது திறந்து விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போவேன். வசனம் எனக்குப் பிடித்த இடத்துக்கு வராது, நான்தான் அது போகிற இடத்துக்குப் போக வேண்டும். வம்ச வரலாறாக இருந்தாலும் போக வேண்டும், ஆமோஸ் திட்டுகிற இடமாக இருந்தாலும் போக வேண்டும்.

அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். உட்கார்ந்த உடனே மனசுக்குள் சந்தை கூடிவிடும். மாதக் கடைசிக் கணக்கு, ஊறப்போட மறந்த உளுந்து, மகனின் சீருடை, மேலாளர் நேற்றுப் போட்ட மின்னஞ்சல். அதோடு சில ஆட்களின் முகங்களும் வரும். ஜெபத்தில் வரும் இந்த நினைவுகளை எல்லாம் கவனச்சிதறல் என்று சொல்லித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உளுந்தை நான் ஒதுக்கிவிடுகிறேன். முகங்களை ஒதுக்குவதில்லை. அலுவலகத்தில் பாதி எழுதிக் கிடந்த ஒரு நீளமான கணக்குப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இடதுபக்கம் அன்றைக்கு வாசித்ததில் நின்ற வசனம், வலதுபக்கம் நினைவுக்கு வந்தவர்களின் பெயர். அவ்வளவுதான், வேறு எதுவும் எழுதுவதில்லை. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வாரத்துக்குள் ஒரு போன், முடிந்தால் நேரில் ஒரு நடை.

எங்கள் மாடியில் நீளமான பொது நடைவழி. பல வருஷம் ஒரே மாடியில் இருந்துவிட்டதால், கதவு சாத்தியிருந்தாலும் வெளியே போகிறது யார் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கடைசி வீட்டு ஆ மா (சீனப் பாட்டி) இடது காலை இழுத்து நடப்பார். எதிர்வீட்டு மலாய்ப் பிள்ளை ஓடித்தான் போவான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் முயற்சி செய்து கற்றுக்கொள்ளவில்லை, கூடவே குடியிருந்ததில் வந்தது. "என் ஆடுகள் என் சத்தத்திற்குச் செவிகொடுக்கிறது" என்று இயேசு சொன்னதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். சுவிசேஷங்களில் அவரோடு வருஷக்கணக்காகக் குடியிருந்துவிட்டால், அவர் யாரிடம் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார், எதைக் கண்டு மனதுருகுவார் என்பது பழகிவிடும். பிறகு உள்ளே ஒரு நினைவு எழும்போது, இது அவர் நடை மாதிரி இருக்கிறதே, இது அவர் நடை இல்லையே என்று தோன்றும். வேத வாசிப்பை விட்டுவிட்டு சத்தத்தை மட்டும் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுக்கிறோமே, அது எனக்கும் பிரியமான வழக்கம்தான். பழைய அட்டைகள் எல்லாம் வேதாகமத்துக்குள்ளே இருக்கின்றன. வருஷம் முழுவதும் ஒரு வசனத்தை மனசில் வைத்துத் தியானிக்க அது நல்ல வழி. ஆனால் அந்த அட்டையை வைத்து வீடு விற்பதையும் வேலையை விடுவதையும் தீர்மானிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏசாயா சிறைப்பட்டுக் கிடந்த ஒரு ஜனத்துக்குச் சொன்ன ஆறுதலை, முன்னும் பின்னும் வாசிக்காமல் நம் வங்கிக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது அந்த வசனத்துக்கும் நியாயம் இல்லை, நமக்கும் நல்லதில்லை. குறைந்தபட்சம் அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். அதில் அந்நியனுக்கும் விதவைக்கும் ஏதாவது சொல்லியிருந்தால் அதுவும் அந்த வருஷத்துக்கான வார்த்தைதான்.

கணக்குப் புத்தகத்தின் வலதுபக்கத்துக்கு வருகிறேன். துவாஸ் பக்கத்து வெளிநாட்டு ஊழியர் விடுதி ஒன்றிலிருந்து ஒரு தம்பி எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருவார். சிவகங்கைக்காரர். பேருந்து மாறி எம்ஆர்டி மாறி வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, பாட்டு ஆரம்பித்தால் முன்வரிசைவரை கேட்கிற மாதிரி பாடுவார். கொஞ்ச நாளாக ஆளைக் காணவில்லை. ஊருக்கு லீவில் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், யாரும் விசாரிக்கவும் இல்லை. காலையில் உட்காரும்போதெல்லாம் அவர் பெயர் வந்தது. தரிசனமும் இல்லை, உடம்பு சிலிர்க்கவும் இல்லை. பெயர் வந்தது, எழுதினேன், மறுநாளும் வந்தது. என் கணவர் போன் போட்டார். "நல்லா இருக்கேண்ணே, கொஞ்சம் வேலை அதிகம்" என்றார். குரலில் ஏதோ சரியில்லை என்று இவருக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரசம் சாதமும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு நேரே போனோம்.

வலது கையில் பெரிய கட்டு. வேலையில் விரல் நசுங்கி, தையல் போட்டு, மருத்துவ விடுப்பில் இருந்திருக்கிறார். அம்மா பயந்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்லவில்லை. நமக்கெதற்கு மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று சபையிலும் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "அண்ணே, ஒரு உதவி. இந்தக் கை நகத்தை வெட்டிவிட முடியுமா? வலது கை பிடிக்க மாட்டேங்குது, அறையில உள்ளவங்ககிட்ட கேட்கக் கூச்சமா இருக்கு" என்றார். பக்கத்துக் கடையில் நகவெட்டி வாங்கி வந்து, என் கணவர் அவர் இடது கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக வெட்டிவிட்டார். சுண்டுவிரல் நகம் உடைந்து சதையில் ஏறியிருந்தது. அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இதற்காகத்தான் அத்தனை காலையிலும் அந்தப் பெயர் வந்ததா என்று கேட்டால், நான் ஆம் என்றுதான் சொல்வேன். பரலோகத்தின் தேவன் ஒரு தம்பியின் நகத்துக்காக ஈசூனில் ஒருத்தியை எழுப்புவாரா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தலைமயிர் எல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று இயேசு சொன்னதை நம்புகிறவர்கள் நகத்தை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

எல்லாப் பெயரும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய அலுவலகத் தோழி ஒருவரின் பெயர் அப்படித்தான் நாள்கணக்கில் வந்தது. போன் செய்தேன். தேக்கா சந்தையில் மீன் விலை, மருமகளின் சமையல், முழங்கால் வலி என்று பேசினார். நான் எதிர்பார்த்த மாதிரி அழுகை இல்லை, ரகசியம் இல்லை, "சரியான நேரத்துல கூப்பிட்டே" என்ற வார்த்தையும் இல்லை. வைத்துவிட்டோம். அதிலும் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கீழ்ப்படிகிறவருக்குப் பலனைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஆண்டவருக்குக் கட்டாயம் இல்லை. நான் தவறாகவே கேட்டிருந்தாலும், ஒரு சிநேகிதியோடு மீன் விலை பேசியதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: கேட்டுப் பழகுவதற்கு இப்படிப்பட்ட சின்னச் சின்ன இடங்களில் ஆரம்பியுங்கள். வேலையை விடுவது, கல்யாணம் செய்வது போன்றவற்றில் முதல் பாடத்தைப் படிக்காதீர்கள்.

நான் மெதடிஸ்ட் சபையில் இருப்பதால் எங்கள் முன்னோர் கதையும் இதோடு சேர்ந்துதான் எனக்கு ஞாபகம் வருகிறது. மெதடிஸ்டுகளின் சிறு குழுக்கள் எப்படித் தொடங்கின என்று பலருக்குத் தெரியாது. 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைப்பதற்காக ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவர் வாரந்தோறும் வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும். போனவர்கள் பென்னியோடு வேறு செய்திகளையும் கொண்டுவந்தார்கள். எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார், யார் விசுவாசத்தில் தளர்ந்திருக்கிறார் என்பதெல்லாம் கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. இதைத்தான் நான் வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூல் மேய்ப்புப் பணியாக மாறியது.

சிங்கப்பூருக்கு அந்தச் சபை வந்தது 1885 இல். அதைக் கொண்டுவந்த மிஷனரி வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்துவிட்டு இந்தியா திரும்பியவர். இங்கே வந்து சீன வணிகர்களின் சங்கம் ஒன்றில் வானியல் பற்றிப் பேசினார். பேச்சைக் கேட்ட ஒரு வணிகர், எனக்கு ஆங்கிலம் சொல்லித் தருவீர்களா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டது. ஓல்டம் சரி என்றார். மறுவருஷம், 1886 மார்ச் 1 அன்று, எண் 70, அமோய் தெருவில் ஒரு கடைவீட்டில் 13 மாணவர்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளி தொடங்கியது. ஓல்டம் ஊழியத்துக்காக எத்தனையோ ஜெபித்திருப்பார். ஆனால் அடுத்த அடி ஒரு புதிய மனிதர் வாய்வழியாக, ஆங்கில டியூஷன் கேட்கிற உருவத்தில் வந்தது. அமோய் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நம்மிடம் யாராவது ஓர் உதவி கேட்கும்போது, ஜெபத்துக்கு இடைஞ்சலாக வந்துவிட்டார் என்று நினைத்து முகத்தைச் சுளிக்கிறோமே, அந்த நேரத்தில் எத்தனை பதில்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோமோ.

கீழ்மாடியில் கத்தோலிக்கச் சிநேகிதி ஒருவர் இருக்கிறார். ஒஃபீர் சாலையில் 1888 இல் கட்டிய லூர்து மாதா தேவாலயத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் போகிற தமிழ்க் குடும்பம். புனித இஞ்ஞாசியார் சொன்ன ஆன்மசோதனையை, அதாவது அன்றைய நாளில் மனம் போன போக்கைத் திரும்பிப் பார்ப்பதை, அவர்தான் எனக்கு விளக்கினார். 1521 இல் ஸ்பெயினின் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, வீட்டில் மாதக்கணக்காகக் கிடந்த போர்வீரர் இஞ்ஞாசியார். பொழுதுபோக்க வீரக்கதை கேட்டார், கிடைக்கவில்லை. கையில் கொடுத்தது கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் கதைகளும். படுத்தபடியே இரண்டு விதமாகக் கனவு கண்டார். ஒரு சீமாட்டிக்காகச் செய்யப் போகும் சாகசங்களை நினைத்தால் அந்த நேரத்துக்கு இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால், நினைத்து முடித்த பிறகும் சந்தோஷம் தங்கியது. அந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். அதிலிருந்துதான் அவருடைய போதனை முழுவதும் வளர்ந்தது.

இரவில் படுக்குமுன் நானும் இதைச் செய்து பார்க்கிறேன். இன்றைக்கு எந்த இடத்தில் மனசு உயிரோடு இருந்தது, எந்த இடத்தில் வறண்டது என்று. எனக்குத் தெரிந்தவரை ஒன்று சொல்ல முடியும். அவசரப்படுத்துகிற, "இப்போதே செய்யாவிட்டால் போச்சு" என்று நெஞ்சைப் பிசைகிற குரல் பெரும்பாலும் அவருடையது இல்லை. பாவத்தைச் சுட்டும்போதுகூட அவர் எந்தப் பாவம் என்று தெளிவாகச் சொல்வார், திரும்பி வர வழியும் காட்டுவார். மொத்தமாக "நீ உருப்படமாட்டாய்" என்பது வேறு எங்கிருந்தோ வருகிறது. ராப்பகலாகக் குரல்கள் கேட்டுத் தூக்கம் போய், தனக்கே தீங்கு செய்துகொள்ளச் சொல்கிறது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் கூட்டிப்போய் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கூடவே ஜெபியுங்கள்.

"கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற வாக்கியத்தைப் பற்றி எனக்கு மனவலி உண்டு. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், குழந்தைக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணிடம், அடுத்த வருஷம் இதே நேரம் கையில் பிள்ளை இருக்கும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். சபை கைதட்டியது. அடுத்த வருஷம் வந்தது, போனது. அந்த மகள் ஆராதனைக்கு வருவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டாள். சொன்னவர் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் விசுவாசத்தில்தான் குறை என்று பேசினார்கள். உபாகமம் 18 ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை அன்று யாராவது சத்தமாக வாசித்திருக்கக் கூடாதா? சொன்னது நடக்கவில்லையென்றால் அதைத் தீர்க்கதரிசி துணிகரத்தினால் சொன்னான் என்று அங்கே தெளிவாகவே இருக்கிறது. குறை கேட்டவள் தலையில் ஏற்றப்படவில்லை.

தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நாம் ஆளுக்குப் பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டோம். அகபு என்ற தீர்க்கதரிசியின் விஷயத்தைப் பாருங்கள். செசரியாவில் பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவரை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றார். கேட்டவர்கள் எல்லாரும் அழுது, போகாதீர்கள் என்றார்கள். பவுல் போனார். ஆவியானவர் காட்டியது வேறு, அன்பினால் இவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவு வேறு. பரிசுத்தமான மனிதர்களுக்கே அந்த இரண்டும் கலந்துபோகிறதென்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? இப்போது நான் யாரிடமும் "கர்த்தர் சொன்னார்" என்று சொல்வதில்லை. "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்களும் ஜெபித்துப் பாருங்கள்" என்கிறேன். ஆண்டவர் உண்மையிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பணிவினால் அவர் வார்த்தை பலவீனமாகிவிடப் போவதில்லை.

இன்னொன்று, களைப்பு. இந்த ஊரில் பாதிப் பேர் களைத்துப்போய்த்தான் ஜெபிக்கிறோம். ஷிப்ட் முடித்து வந்து, பிள்ளைகளின் பாடத்தைப் பார்த்து, நள்ளிரவில் முழங்காலில் நின்று, ஒன்றும் கேட்கவில்லையே என்று அழுகிறவர்களை எனக்குத் தெரியும். எலியாவைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் நேராக ஓரேப் மலைக்கும் "அமர்ந்த மெல்லிய சத்தத்துக்கும்" போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் சூரைச்செடியின் கீழே அவர் சாகவேண்டும் என்று கேட்டுவிட்டுத் தூங்கினார். தூதன் தட்டி எழுப்பி முதலில் செய்தி எதுவும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்திருந்தான், சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. மலையில் பேச்சு அப்புறம்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகும் என்ன வந்தது? ஆசகேல், யெகூ, எலிசா என்று மூன்று பெயர்கள், இவர்களைப் போய்ப் பார் என்று. தூக்கமில்லாமல் சத்தம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை, இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள் என்பதுதான்.

எங்கள் வீட்டிலும் பதில் வராத விஷயம் ஒன்று உண்டு. மகன் தேசிய சேவையை முடிக்கப் போகிறான். இங்கே கிடைத்திருக்கும் பல்கலைக்கழக இடமா, மெல்பர்னா என்று மாதக்கணக்காக ஜெபிக்கிறோம். நான் தமிழில், அவன் ஆங்கிலத்தில், ஒரே மேசையில். ஒன்றும் தெளியவில்லை. "கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்மா, கேட்கலையே" என்றான். அவனுக்குப் பவுலின் பயணத்தை வாசித்துக் காட்டினேன். ஆசியாவில் வசனம் சொல்லத் தடை, பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதற்கும் இடம் கிடைக்கவில்லை. தடை எந்த ரூபத்தில் வந்தது என்று அங்கே எழுதவில்லை. காய்ச்சலாக இருந்ததோ, பாதை அடைபட்டதோ, யாருக்குத் தெரியும். அவர்கள் அதற்காக வழியிலேயே உட்கார்ந்துவிடவில்லை, துரோவாவரை நடந்தார்கள். அங்கேதான் மக்கெதோனியன் ஒருவன் நின்று உதவி கேட்கிற தரிசனம். அதையும் எல்லாருமாகச் சேர்ந்துதான் இன்னது என்று நிச்சயித்தார்கள். ஆண்டவர் இரண்டு கல்லூரியிலும் இருப்பார் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். பணக்கணக்கை எழுதி வைத்திருக்கிறோம், போதகரிடமும் அவனுடைய பழைய ஆசிரியரிடமும் பேசியாகிவிட்டது. கடைசித் தேதிக்குள் அவனே முடிவெடுப்பான். அந்த முடிவைப் புத்தியோடு எடுப்பதும் விசுவாசம்தான் என்று நான் நம்புகிறேன்.

சாமுவேல் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரவில் ஆண்டவர் பேசினார், ஏலியின் வீட்டைப் பற்றிய பயங்கரமான செய்தி. சின்னப் பையன். விடியும்வரை படுத்திருந்தான், எழுந்து கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான் என்று வருகிறது. தினமும் செய்கிற வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும். தேவ சத்தத்தைக் கேட்டவன் முதலில் போய்க் கதவைத் திறக்கிறான். ஏலி கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கிறான். தரிசனம் கண்டவர்கள் எல்லாரும் அன்று காலையிலேயே மேடை ஏறிவிடுகிற இந்தக் காலத்தில் அந்தப் பையனை நினைத்தால் கண் கலங்குகிறது.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம் இருந்தபோது ஆலயங்கள் மூடியிருந்தன, விடுதிகளில் தம்பிமார் அறையைவிட்டு வெளியே வர முடியாமல் இருந்தார்கள். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் ஸூமுக்குப் போனது. அப்போது பாட்டும் இல்லாமல் பிரசங்கமும் இல்லாமல், கடைசியில் எல்லாரும் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, மனசில் வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனை எடுப்பது என்று ஒரு பழக்கம் வந்தது. பிறகு ஆலயம் திறந்ததும் அது நின்றுபோனது. இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறோம், இந்த முறை வாலிபர்களையும் சேர்த்துக்கொண்டு. பெயரைச் சொல்கிறவரே போக வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர்களுக்குத் துணைக்கு ஓர் ஆள். தெங்காவா பொங்கோலா என்று கேட்ட தம்பிதான் போன கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்தான். அவனோடு தொடக்கப்பள்ளியில் படித்தவன், அப்பா இறந்த பிறகு யாரோடும் பேசுவதில்லையாம். உட்லண்ட்ஸில் இருக்கிறான் என்பதுவரை தெரிகிறது, புளோக் எண் தெரியவில்லை. பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறான். துணைக்கு என் மகன் போகிறான்.